பரண்ல கிடைச்ச மாடல் ஏரோப்ளேன் எஞ்சின்: ஓட்டலாமா, வெச்சுக்கலாமா, வித்துடலாமா?

கையில எடுத்த உடனே முன்னாடி நீட்டிக்கிட்டு இருக்கற ஷாஃப்ட்டைச் சுத்திப் பார்க்கணும்னு தோணும். எல்லாருக்கும் தோணும், எனக்கும் தோணுச்சு. தயவுசெஞ்சு சுத்தாதீங்க.

நான் செஞ்ச கூத்தைச் சொல்லிடறேன். ஒரு பழைய 2.5 சிசி டீசல், தகர டப்பாக்குள்ள துணி சுத்தி பல வருஷம் கிடந்தது, வெளியில பார்த்தா பளபளன்னு இருந்துச்சு ஆனா ஷாஃப்ட் அசையல. சரி கொஞ்சம் இறுகியிருக்கும் போலன்னு ஒரு பிராப்பை, அதாவது ப்ரொப்பெல்லரை, மாட்டி ரெண்டு கையாலயும் பிடிச்சு ஒரு திருப்பு திருப்பினேன், உள்ள "டொக்"னு ஒரு சத்தம், அப்புறம் ரொம்ப சுலபமா சுத்துச்சு. எனக்கு ஒரே சந்தோஷம். பின்பக்க மூடியைக் கழட்டிப் பார்த்தா பிஸ்டனையும் ஷாஃப்ட்டையும் இணைக்கற கனெக்டிங் ராடு வாழைப்பழம் மாதிரி வளைஞ்சு கிடக்கு. உள்ள இறுக்கிப் பிடிச்சிருந்தது துருகூட இல்ல, காய்ஞ்சுபோன விளக்கெண்ணெய். ஹேர் ட்ரையரை வெச்சு பத்து நிமிஷம் சூடு காட்டியிருந்தா தானா விட்டிருக்கும். அவசரத்துல அண்டாவுக்குள்ள கூட கை போகாதுன்னு சும்மாவா சொன்னாங்க.

இந்தக் கட்டுரை இதுக்கு முன்னாடி இந்த எஞ்சின்களைத் தொட்டதே இல்லாதவங்களுக்கு. அப்பா விட்டுட்டுப் போனது, மாமா குடுத்தது, பழைய சாமான் மூட்டையோட சேர்ந்து வந்தது, இப்படி எப்படியோ கைக்கு வந்திருக்கும். ஓட்டறதா, வெச்சுக்கறதா, விக்கறதான்னு குழப்பம். நெறைய பேர் முதல்ல "இது எவ்ளோ போகும்"னு தான் கேக்கறாங்க, என்னைக் கேட்டா அது கடைசியா கேக்க வேண்டிய கேள்வி. முதல்ல கேக்க வேண்டியது ரெண்டே ரெண்டு. இது ஏற்கனவே ஓடின எஞ்சினா, ஒருதரம்கூட ஓட்டாததா? நாளைக்கு உள்ள ஒரு பார்ட் உடைஞ்சா அதே பார்ட் இன்னொண்ணு கிடைக்குமா? இந்த ரெண்டுக்கும் பதில் தெரிஞ்சா முக்காவாசி முடிவு தானா வந்துடும்.

முதல் வேலை: இது எந்த ஜாதி எஞ்சின்னு கண்டுபிடிங்க

மூணு வகைதான். தலையில பாருங்க. பீங்கான் வெச்ச குட்டி ஸ்பார்க் பிளக் இருந்து, முன்பக்கம் ஷாஃப்ட்டுக்குப் பக்கத்துல பாயிண்ட்ஸ் அசெம்பிளி (பொறி வர்ற நேரத்துக்கு மின்சாரத்தை வெட்டி விடற சுவிட்ச்), அதை அப்படி இப்படி நகர்த்த ஒரு குச்சி இருந்தா அது ஸ்பார்க் இக்னிஷன். இதுதான் மூத்த தலைமுறை. அமெரிக்காவுல பிரவுன் ஜூனியர்னு ஒரு சுமார் 10 சிசி எஞ்சின் 1934-ல விற்பனைக்கு வந்தப்புறம்தான் சாதாரண ஆளுங்க கையில பெட்ரோல் மாடல் எஞ்சின் வர ஆரம்பிச்சுது, அதுக்கப்புறம் ஓல்சன் மாதிரி நெறைய பேர் செஞ்சாங்க. இது ஓட தனியா காயில், கண்டென்சர், பேட்டரி எல்லாம் வேணும்.

தலையில சின்னதா ஒரு பிளக் இருக்கு, ஆனா பாயிண்ட்ஸும் இல்ல ஒயரும் இல்லன்னா அது குளோ எஞ்சின். ரே ஆர்டன்ங்கறவர் 1947-ல குளோ பிளக்கை விற்பனைக்குக் கொண்டுவந்தார். பிளாட்டினம் கலந்த ஒரு சுருள் கம்பி, ஸ்டார்ட் பண்றப்ப மட்டும் 1.5 வோல்ட் குடுத்தா போதும், அப்புறம் எரிபொருளா ஊத்தற மெத்தனாலோட (ஒரு வகை ஆல்கஹால்) ஆவி பட்டு பட்டு அதுவே சூடா இருக்கும். காயில், கண்டென்சர் சுமையெல்லாம் ஒரே அடியில போச்சு, ஸ்பார்க் எஞ்சின் காலமும் கிட்டத்தட்ட அதோட முடிஞ்சுது.

பிளக்கே இல்ல, தலைக்கு மேல ஒரு டி வடிவ ஸ்க்ரூ மட்டும் நிக்குதுன்னா அது டீசல். பேருதான் டீசல், பங்க்ல போடற டீசலுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல, இது குடிக்கறது ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் கலவை. அந்த ஸ்க்ரூ மேல இருந்து ஒரு எதிர் பிஸ்டனை அழுத்தி கம்ப்ரஷனைக் கூட்டும் குறைக்கும். ஐரோப்பாவுல 1940-கள்ல இது பரவுச்சு. மில்ஸ், ஈ.டி., எல்ஃபின், ஃப்ராக், ஓலிவர்னு பிரிட்டன்ல மட்டும் ஒரு படையே இருந்துச்சு.

அப்புறம் நம்பர். அமெரிக்க எஞ்சின்ல 049, 35, 60னு போட்டிருந்தா அது கன இஞ்சு கணக்கு, முன்னாடி ஒரு புள்ளி இருக்கறதா வெச்சுக்கணும், 35னா 0.35. ஒரு கன இஞ்சுன்னா 16.4 சிசி. அப்ப 049னா சுமார் 0.8 சிசி, 35னா சுமார் 5.7, 60னா சுமார் 9.8. பிரிட்டிஷ், ஐரோப்பிய எஞ்சின் பெரும்பாலும் நேரடியா சிசிதான். பேரு எங்கயும் தெரியலன்னா சிலிண்டர் பக்கவாட்டுல புடைச்சிருக்கற பைபாஸ் பக்கம், மவுண்டிங் காதுக்கு (எஞ்சினை ஸ்க்ரூ போட்டு மாட்டற நீட்டலுக்கு) அடியில, பின்மூடியில டார்ச் அடிச்சுப் பாருங்க. அழுக்குக்குள்ள எழுத்து ஒளிஞ்சிருக்கும்.

ரெண்டாவது: இறுக்கத்தை விடுவிக்கறது

சும்மா பிசின் மாதிரி ஒட்டியிருந்தா ஹேர் ட்ரையர் இல்ல ஹீட் கன், தூரத்துல இருந்து, கொஞ்சம் கொஞ்சமா. கைல தொட முடியாத அளவு சூடானதும் துணியால பிடிச்சு விரல் பலத்துல மட்டும் அசைச்சுப் பாருங்க. விரல் பலம்னா விரல் பலம்தான், பிளையர் இல்ல, ஸ்பேனர் இல்ல, சைலன்சர் ஓட்டைக்குள்ள ஸ்க்ரூடிரைவரை விட்டு பிஸ்டனை நெம்பறது சத்தியமா இல்ல. அசைஞ்சா ரெண்டு சொட்டு லேசான ஆயில் விட்டு முன்னயும் பின்னயும் ஆட்டி ஆட்டி விடுங்க. அசையலன்னா மெத்தனால்லயோ மண்ணெண்ணெய்லயோ ரெண்டு நாள் ஊறப் போட்டு மறுபடி சூடு. மெத்தனால்ல ஊறினதை நல்லா காய வெச்சுட்டுதான் ஹீட் கன்னை எடுக்கணும், ஈரத்தோட சூடு காட்டினா பத்திக்கும்.

டீசல்னா ஒரு எச்சரிக்கை இருக்கு. மேல இருக்கற ஸ்க்ரூவை முதல்ல ரெண்டு மூணு சுத்து வெளிய எடுத்துடுங்க. எடுத்தாலும் எதிர் பிஸ்டன் கீழயே ஒட்டிக்கிட்டு இருக்கும், பிஸ்டன் மேல வந்து அதுல முட்டும், நீங்க "இன்னும் பிசின் போல"ன்னு நெனச்சு அழுத்துவீங்க, என் கதைதான் உங்களுக்கும். சிலிண்டரைச் சூடாக்கி மெதுவா சுத்தச் சுத்த அதுவே மேல ஏறிடும்.

குளோல இன்னொரு குழப்பம். 1970-களுக்கு அப்புறம் பரவலான ஏபிசி எஞ்சின்ல அலுமினிய பிஸ்டன், உள்ள குரோம் பூசின பித்தளை சிலிண்டர், மேல போகப் போக சிலிண்டர் வேணும்னே கொஞ்சம் குறுகலா செஞ்சிருப்பாங்க. குளிர்ந்திருக்கறப்ப உச்சியில வந்து கிச்சுனு பிடிக்கும். அது பழுது இல்ல, அதுதான் அதோட ஆரோக்கியம். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இதை ஜாம்னு நெனச்சு பிஸ்டனை உப்புக் காகிதத்தால தேய்ச்சுட்டார். நல்ல எஞ்சின் பேப்பர்வெயிட் ஆச்சு.

வெளியில கருகி பழுப்பா படிஞ்ச எண்ணெய்க் கறை போக ஒரு வழி இருக்கு. காருக்கு ஊத்தற கூலன்ட், அதாவது எத்திலீன் கிளைக்கால் இருக்கற ஆன்டிஃப்ரீஸ். எஞ்சினைப் பிரிச்சு, ரப்பர் பிளாஸ்டிக் கேஸ்கெட் எல்லாம் எடுத்துட்டு, பழைய ஸ்லோ குக்கர்ல போட்டு குறைஞ்ச சூட்டுல சில மணி நேரம், அப்பப்ப பிரஷ்ஷால தேய்ச்சு, வெந்நீர்ல அலசி, காய வெச்சு, உடனே ஆயில். இதை வீட்டுக்குள்ள பண்ணாதீங்க, காத்தோட்டமா வெளியில பண்ணுங்க, அந்தப் பாத்திரம் இனிமே சமையலுக்கு ஆகாது. அந்தத் தண்ணி விஷம், ஆனா ருசி இனிப்பு, நாயோ பூனையோ குழந்தையோ வாய் வெச்சா ஆபத்து, மூடி வெச்சு ஒழுங்கா அப்புறப்படுத்துங்க. சிவப்பு, தங்க நிறம்னு கலர் ஏத்தின அலுமினியத் தலை, மெக்னீசியம் கேஸ் இதுங்களை இதுல போடாதீங்க, கலர் வெளுத்துடும், மெக்னீசியம் கறுத்துடும்.

கறை போகணும்னு அவசியமே இல்லங்கறது என் கட்சி. விக்கப் போறீங்கன்னா மண்ணெண்ணெய், பழைய டூத் பிரஷ், அதோட நிறுத்திக்குங்க. ஒயர் பிரஷ், பாலிஷ், மணல் அடிக்கறது எதுவும் வேணாம். பளபளப்பா ஆக்கிட்டா சேகரிக்கறவன் பார்வையில மதிப்பு இறங்கிடும், வார்ப்புல இருந்த அந்த சொரசொரப்பு ஒருதரம் போனா போனதுதான்.

மூணாவது: ஓடினதா ஓடாததா

மவுண்டிங் காதுகளைப் பாருங்க, ரெண்டு பக்கமும் ஓட்டை இருக்கற அந்த நீட்டல்கள். ஓட்டையைச் சுத்தி ஸ்க்ரூ தலையோ வாஷரோ அழுத்தின வட்டத் தடம் இருந்தா இது எதுலயோ மாட்டப்பட்டிருக்கு. ஓட்டையை யாராவது பெருசாக்கியிருக்காங்களா, காதை அறுத்திருக்காங்களான்னும் பாருங்க. அப்புறம் பிராப் நட்டுல பிளையர் பல் பதிஞ்சிருக்கா, பிராப் உக்காரற டிரைவர் வாஷர்ல இருக்கற கோடுகள் மழுங்கியிருக்கா. ஒரு எஞ்சின் எப்படிப்பட்ட ஆள் கையில வாழ்ந்துச்சுன்னு அந்த நட்டு சொல்லிடும்.

அடுத்து எக்ஸாஸ்ட் ஓட்டை வழியா டார்ச் அடிச்சு பிஸ்டன் பக்கவாட்டைப் பாருங்க. பழுப்புக் கறை பரவாயில்ல. மேலிருந்து கீழ நேர் கோடா கீறல் இருந்தா மண்ணு உள்ள போயிருக்கு. பிஸ்டனை பாதி உயரத்துல வெச்சு, அதைப் பார்த்துக்கிட்டே ஷாஃப்ட்டை ஒரு நூல் அளவு முன்னயும் பின்னயும் ஆட்டுங்க. ஷாஃப்ட் அசைஞ்சும் பிஸ்டன் அசையாத ஒரு சின்ன இடைவெளி கையில தட்டுப்பட்டா ராடு தேய்ஞ்சிருக்கு. பால் பேரிங் இருக்கற எஞ்சின்ல சுத்தறப்ப மணல் அரைக்கற மாதிரி இருந்தா பேரிங் துரு. நைட்ரோ, அதாவது நைட்ரோமீத்தேன், கலந்த எரிபொருள்ல ஓட்டிட்டு துடைக்காம வெச்ச எஞ்சின்களோட வழக்கமான வியாதி இது, பேரிங் பெரும்பாலும் பொது சைஸ்தான், மாத்திக்கலாம்.

கம்ப்ரஷன் பார்க்கறப்ப ஏமாறாதீங்க. நெறைய ஆயில் ஊத்தினா தேய்ஞ்சுபோன எஞ்சின்கூட சிங்கம் மாதிரி கம்ப்ரஷன் காட்டும், விக்கறவங்க சில பேர் அப்படித்தான் காட்டுவாங்க. ஆயில் வடிஞ்சு கொஞ்ச நேரம் கழிச்சு பிராப்பைப் பிடிச்சு கம்ப்ரஷனுக்கு எதிரா நிறுத்துங்க. சில வினாடி தாங்கி மெதுவா கசிஞ்சா நல்ல எஞ்சின், உஸ்ஸுனு உடனே விட்டா சிலிண்டர் பிஸ்டன் தேய்ஞ்சாச்சு.

காக்ஸ் எஞ்சினுக்கு மட்டும் தனியா ஒரு வரி. அதுல பிளக்கும் தலையும் ஒண்ணு, தலையே பிளக். அதைக் கழட்ட அதுக்குன்னே செஞ்ச ஸ்பேனர் உண்டு, அது இல்லாம பிளையரால திருகி தலையோட விளிம்பையும் சிலிண்டரோட மெல்லிசான தகடுகளையும் கடிச்சு வெச்ச காக்ஸ்தான் சந்தையில பாதி. ராடோட உருண்டை பிஸ்டனுக்குள்ள உக்காரற இடமும் தேய்ஞ்சு லூசாகும், அதை இறுக்கவும் தனி டூல் உண்டு.

இப்ப முடிவு

பெட்டி, லீஃப்லெட், ஸ்பேனரோட, மாட்டின தடமே இல்லாம, நிஜமா ஓடாத எஞ்சின்னா அதை ஓட்டாதீங்க. இதுல எனக்கு ரெண்டாவது கருத்து கிடையாது. ஓடின எஞ்சினை எவ்ளோ வேணா துடைக்கலாம், ஓடாத எஞ்சினா திருப்பி ஆக்க முடியாது. உள்ள லேசா எண்ணெய் வாடை இருந்தா பயப்படாதீங்க, ஃபேக்டரியிலயே கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்த்து அனுப்பின கம்பெனிகளும் உண்டு. வெச்சுக்குங்க, இல்ல வித்துடுங்க. வித்த காசுல அதே மாடல்ல ஓடின எஞ்சின் ஒண்ணு வாங்கி ஆசை தீர ஓட்டுங்க, மிச்சமும் இருக்கும்.

ஏற்கனவே ஓடினது, ஏகப்பட்டது செஞ்சது, பார்ட்ஸ் கிடைக்குதுன்னா ஓட்டுங்க. 1956-ல வந்த காக்ஸ் பேப் பீ 049, பல பத்தாண்டு மாறாம வந்த ஃபாக்ஸ் 35 ஸ்டன்ட், ஓ.எஸ். மேக்ஸ் வரிசை, என்யா, பி.ஏ.டபிள்யூ. டீசல்கள் எல்லாம் இந்தக் கணக்கு. அலமாரியில வெச்சா யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க, ஓட்டினா தெருவே திரும்பும்.

கஷ்டமான இடம் நடுவுல இருக்கு. ஓடின எஞ்சின்தான், ஆனா அரிது. 1950-கள்ல டீம் ரேஸ்ல பேர் வாங்கின ஓலிவர் டைகர், அதுக்கு முன்னாடி ஸ்பீட் போட்டிகள்ல பறந்த டூலிங் 61, ஜப்பானோட ஓ.எஸ்.சும் ஜெர்மனியோட கிராப்னரும் சேர்ந்து 1970-ல கொண்டுவந்த அந்த வாங்கெல் ரோட்டரி (பிஸ்டனுக்குப் பதிலா ரோட்டர் சுத்தற எஞ்சின்), 1961-ல வந்த 0.16 சிசி காக்ஸ் டீ டீ 010, அது கட்டைவிரல் நுனி அளவுதான். இதெல்லாம் ஓடறதுக்குப் பிறந்ததுதான், ஓட்டினா பாவம் ஒண்ணும் இல்ல. ஆனா ராடு போச்சுன்னா லேத் தெரிஞ்ச ஒரு கைகாரரைப் பிடிச்சு செஞ்சுதான் போடணும், அப்படிப் போட்டா அது முழு ஒரிஜினல் இல்ல. நான் என்ன பண்றேன்னா அந்த மாதிரி எஞ்சினை வருஷத்துக்கு ஒருதரம் பெரிய பிராப் போட்டு மெதுவா ரெண்டு நிமிஷம் ஸ்டாண்டுல ஓட்டறேன், விமானத்துல வெச்சு பறக்க விடறதில்ல. கீழ விழுந்தா முதலுக்கே மோசம். பறக்கணும்னா ரெப்ளிகா வாங்குங்க. மில்ஸ் 0.75-க்கு இந்தியாவுலகூட நகல் செஞ்சு உலகம் பூரா வித்திருக்காங்க, சின்ன விமானத்துக்கு அது போதும். அதே காரணத்தால நீங்க வெச்சிருக்கறது ஒரிஜினலா நகலான்னு முதல்லயே தெரிஞ்சுக்குங்க, விக்கறப்ப அதை மறைச்சா பேர் கெட்டுடும்.

இன்னொரு ரகம், பழசு ஆனா மதிப்பு இல்லாதது. பழசுன்னா தங்கம்னு நெனப்பு வேணாம். 1940-கள்ல மலிவா வார்த்துத் தள்ளின எஞ்சின்கள் உண்டு, அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் அதைக் கசடுன்னே திட்டுவாங்க. ஜி.எச்.க்யூ.ன்னு ஒண்ணு ஸ்டார்ட்டே ஆகாதுன்னு பேர் வாங்குனது, ஆயிரக்கணக்கான பசங்க அதைச் சுத்திச் சுத்தி விரல் வீங்கியிருப்பாங்க. அது கிடைச்சா மேசையில வெச்சுக்குங்க, கதை சொல்ல ஆகும், அதோட மல்லுக்கட்டாதீங்க.

முக்கிய பாகம் காணாமப் போனது, காது உடைஞ்சதுன்னா பார்ட்ஸுன்னு சொல்லியே வித்துடுங்க. யாரோ ஒருத்தர் அந்த ஒரு நீடில் வால்வுக்காகவோ (எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கற ஊசி ஸ்க்ரூ) டாங்க் மூடிக்காகவோ பல வருஷமா அலைஞ்சுக்கிட்டு இருப்பார்.

ஓட்டறதுன்னு முடிவு பண்ணிட்டா

பலகையில இல்ல மேசை விளிம்புல ஸ்டாண்டை போல்ட் போட்டு இறுக்குங்க, கையில பிடிச்சு ஓட்டறது, வைஸ்ல கேஸை நசுக்கிப் பிடிக்கறது ரெண்டும் வேணாம். பிராப் புதுசு வாங்குங்க, எஞ்சினோட வந்த பழைய பிராப்பை சுவத்துல மாட்டுங்க, பழைய பிளாஸ்டிக் பிராப் இறுகிப்போய் பட்டுனு உடைஞ்சு பறக்கும். முதல் எண் பிராப்போட விட்டம், ரெண்டாவது பிட்ச் (ஒரு சுத்துக்கு முன்னேறற தூரம்), ரெண்டும் இஞ்சுல: 049-க்கு 6க்கு 3, சுமார் 1.5 சிசி டீசலுக்கு 8க்கு 4, 2.5-க்கு 9க்கு 4, 35-க்கு 10க்கு 6 சரியா இருக்கும். பிராப் சுத்தற தளத்துல யாரும் நிக்கக் கூடாது, பக்கவாட்டுல நின்னு வேடிக்கை பார்க்கறவங்களை முதல்ல பின்னாடி அனுப்புங்க. நீடிலைத் திருப்பறதா இருந்தா பின்பக்கமா வந்து திருப்புங்க. கண்ணாடி போடுங்க. 35, 60 மாதிரி பெருசுக்கு விரல் வேணாம், ரப்பர் சுத்தின குச்சியால தட்டுங்க.

எரிபொருள்தான் பல பேர் கோட்டை விடற இடம். இப்ப கடையில கிடைக்கற ரேடியோ கண்ட்ரோல் எரிபொருள்ல எண்ணெய் 15லருந்து 18 சதவீதம்தான் இருக்கும், அதுவும் பெரும்பாலும் சிந்தெடிக். பால் பேரிங் இல்லாத பழைய ப்ளெயின் பேரிங் குளோ எஞ்சினுக்கு அது பத்தாது, 25 சதவீதத்துக்குக் குறையாம எண்ணெய், அதுல பெரும்பகுதி விளக்கெண்ணெயா இருக்கணும். காக்ஸுக்கு 20 சதவீதத்துக்கு மேல, அதுல பாதியாவது விளக்கெண்ணெய். பழைய டீசலுக்கு ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூணும் சம பங்குங்கற பழைய கணக்கே பாதுகாப்பு. ஸ்பார்க் எஞ்சினுக்கு பெட்ரோல் மூணு பங்கு, கெட்டியான எஸ்.ஏ.இ. 70 ஆயில் ஒரு பங்கு. ஸ்பார்க் எஞ்சின்ல குளோ பிளக்கை மாட்டி நைட்ரோ ஊத்தறது குருவி தலையில பனங்காய் வெக்கற வேலை, அந்தக் கால ராடும் கிராங்க்கும் அந்த அடிக்குச் செஞ்சது இல்ல. கூடவே மெத்தனால் அந்தப் பழைய கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் டாங்க்கைக் கரைச்சு விரிசல் விட வெச்சுடும். காயில் ஒயர் பிளக்கோட சேராம இருக்கறப்ப இக்னிஷன் ஆன் பண்ணாதீங்க, காயிலுக்குள்ளயே பொறி பாஞ்சு இன்சுலேஷன் போயிடும்.

இதெல்லாம் சாதாரண திரவம் இல்லங்கறதையும் நெனப்புல வெச்சுக்குங்க. மெத்தனால் எரிஞ்சா பகல்ல தீ கண்ணுக்கே தெரியாது, தோல் வழியாவும் உள்ள போகும் விஷம். ஈதர் ஆவி கனமானது, தரையோட தவழ்ந்து போய் எங்கயோ இருக்கற பொறியில பத்திக்கும், பழைய ஈதர் டப்பாவைத் திறக்கவே திறக்காதீங்க, வெடிக்கற பொருள் அதுல உருவாகியிருக்கலாம். எல்லாமே வெளியில, காத்தோட்டமா.

டீசல் ஸ்டார்ட் பண்றது ஒரு கை வித்தை, அதை மட்டும் கொஞ்சம் விரிவா சொல்றேன். கம்ப்ரஷன் ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்வா வெச்சு, நீடிலை ரெண்டரை மூணு சுத்து திறந்து, காத்து வாயை விரலால மூடி ரெண்டு சுத்து இழுத்து, எக்ஸாஸ்ட் வழியா பிஸ்டன் மேல ஒரே ஒரு சொட்டு. அப்புறம் மெதுவா ஒரு சுத்து சுத்திப் பாருங்க, கையில கல்லு மாதிரி முட்டினா உள்ள எரிபொருள் நெரம்பியிருக்கு, அதை மீறித் தட்டினா ராடு போச்சு. ஸ்க்ரூவைத் தளர்த்தி, வடிய விட்டு, மறுபடி. சரியா இருந்தா தட்டிக்கிட்டே ஸ்க்ரூவை எட்டுல ஒரு சுத்து, எட்டுல ஒரு சுத்துனு இறுக்கிட்டே வாங்க, "பட்"னு ஒண்ணு கேக்கும், அடுத்த தட்டுல ரெண்டு, அப்புறம் சட்டுனு பிடிச்சுக்கும், புகை, ஈதர் வாசனை, காது அடைக்கும். சூடாக ஆக ஸ்க்ரூவைக் கொஞ்சம் பின்னாடி எடுங்க. விட்டு விட்டு ஓடினா கம்ப்ரஷன் பத்தல, முக்கி முனகி வேகம் குறைஞ்சா கூடிப்போச்சு.

முதல் ஓட்டத்துல எந்த எஞ்சினா இருந்தாலும் எரிபொருள் அதிகமா, வேகம் கம்மியா, நிமிஷக் கணக்குல மட்டும்.

வெச்சுக்கறதுன்னா

விளக்கெண்ணெய் ஓட்டறதுக்கு அமிர்தம், சேமிக்கறதுக்கு எமன். ஓட்டி முடிச்சதும் டாங்க் காலியாகி தானா நிக்கற வரைக்கும் ஓட விட்டு, துடைச்சு, உள்ள லேசான மினரல் ஆயில், காத்து டூலுக்கு ஊத்தற ஆயில் மாதிரி ஏதாவது விட்டு சுத்தி வெக்கணும். ஏபிசின்னா பிஸ்டனைக் கீழ இறக்கி வெச்சு ஆற விடுங்க. ஃபோம் ஸ்பாஞ்சுல புதைச்சு வெக்காதீங்க, வருஷம் போகப் போக அது பிசுபிசுன்னு உருகி எஞ்சின்ல ஒட்டிக்கும். ஒரிஜினல் அட்டைப் பெட்டிக்குள்ள ஆயில் விட்ட எஞ்சினை நேரா வெச்சா பெட்டி எண்ணெயைக் குடிச்சுடும், பெட்டிக்கே பாதி மதிப்பு இருக்கற மாடல்கள் உண்டு, அதனால பெட்டி தனியா, எஞ்சின் தனியா. பிளாஸ்டிக் பையில போட்டா வாயை இறுக்க மூடாதீங்க, உள்ள வேர்க்கும்.

விக்கறதுன்னா

கேக்கற விலையைப் பார்த்து ஏமாறாதீங்க. யாரும் எவ்ளோ வேணா கேக்கலாம், எவ்ளோக்கு நிஜமா வித்துச்சுங்கறதை மட்டும் பாருங்க, அதுவும் அதே நிலைமையில இருக்கற எஞ்சின். அமெரிக்காவுல மாடல் எஞ்சின் கலெக்டர்ஸ் அசோசியேஷன்னு ஒண்ணு இருக்கு, புதுசுல ஆரம்பிச்சு மோசம் வரைக்கும் படிப்படியா நிலைமையைச் சொல்ல ஒரு அளவுகோல் வெச்சிருக்காங்க, விவரம் தெரிஞ்சவங்க அந்த மாதிரி அளவுலதான் பேசுவாங்க. உங்க எஞ்சினுக்கு நீங்க தர்ற மார்க்குல ஒரு படி குறைச்சுச் சொல்லுங்க, வாங்கினவர் சந்தோஷப்படுவார், அடுத்ததும் உங்ககிட்டயே கேப்பார்.

போட்டோ நாலு பக்கமும், மேலயும் கீழயும், காதுகளோட ஓட்டை, எக்ஸாஸ்ட் வழியா பிஸ்டன், நட்டு, இருந்தா பெட்டி லீஃப்லெட். பகல் வெளிச்சத்துல எடுங்க. மாத்தின பார்ட் எது, வேற நீடிலா, ஓட்டிப் பார்த்தீங்களா இல்லையா, எல்லாத்தையும் எழுதிடுங்க. மொத்தமா ஒரு கலெக்ஷன் கையில இருந்தா நல்லதா நாலை மட்டும் முதல்ல பொறுக்கி எடுத்துக்கறேன்னு ஒருத்தர் வருவார், ரொம்ப இனிக்க இனிக்க பேசுவார். அந்த நாலும் போனா மிச்சத்தை யாரும் தொட மாட்டாங்க, அதனால எல்லாத்தையும் லிஸ்ட் போடாம ஒண்ணைக்கூட குடுக்காதீங்க.

அனுப்பறப்ப டாங்க்ல ஒரு சொட்டு எரிபொருள் இருக்கக் கூடாது, வாடைகூட இருக்கக் கூடாது, கூரியர்ல திருப்பி அனுப்பிடுவாங்க. நீடில் வால்வைக் கழட்டி தனியா ஒரு சின்ன குழாய்ல போட்டு வெய்ங்க, வழியில வளையறது எப்பவும் அதுதான். கழட்டறதுக்கு முன்னாடி அது எத்தனை சுத்து திறந்திருந்துச்சுனு எண்ணிக்குங்க. டீசலா இருந்தா கம்ப்ரஷன் ஸ்க்ரூவை ஒரு சுத்து தளர்த்திட்டு, "நீடில் ரெண்டே முக்கால் சுத்து, கம்ப்ரஷன் இங்கருந்து ஒரு சுத்து இறுக்கினா பிடிக்கும்"னு ஒரு துண்டுச் சீட்டு எழுதி கூடவே போட்டுடுங்க. இல்லன்னா பார்சல் போய்ச் சேர்ந்த அன்னிக்கு ராத்திரி பதினோரு மணிக்கு போன் வரும், அந்தப் பக்கம் ஒருத்தர் மூச்சு வாங்கிக்கிட்டே "என்னங்க இது, எவ்ளோ தட்டியும் பிடிக்க மாட்டேங்குது"ம்பார்.